ஆளுக்கொரு பாடல், ஒரே ஆல்பம்: ஒப்பந்தம் இல்லாத இசைக்குழுக்களுக்கு என்ன பயன்?

பட்டர்வொர்த்: சொந்தமாகப் பாட்டுக் கட்டும் இளைஞர் குழுவிடம் மூன்று நான்கு நல்ல பாடல்கள் இருக்கும். முழு ஆல்பம் வெளியிடப் பணம் இருக்காது. ஒப்பந்தம் தர எந்த இசை நிறுவனமும் வந்திருக்காது. இப்படிப்பட்ட குழுக்கள் பல சேர்ந்து, ஆளுக்கொரு பாடல் கொடுத்து வெளியிடுவதே தொகுப்பு ஆல்பம்.

பினாங்குத் தமிழருக்கு இசைக்குழு புதிதல்ல. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு இங்கிருந்து புறப்பட்டதுதான். அதன் மலாய்ப் பாடல்களை நாடே அறியும். ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் அந்த உயரம் வாய்ப்பதில்லை. பதிவாகாத பாடல், குழு கலைந்ததும் அதோடு மறைந்துவிடும்.

எமோ டைரீஸ் காட்டிய வழி

அமெரிக்காவின் டீப் எல்ம் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 1997இல் ‘தி எமோ டைரீஸ்’ என்ற தொகுப்பு வரிசையைத் தொடங்கியது. எமோ என்பது 1980களின் நடுவில் வாஷிங்டன் நகரப் பங்க் இசையிலிருந்து கிளைத்த வகை. பங்க் இசையின் வேகமும் இரைச்சலும் அதில் உண்டு. பாடுபொருள் மட்டும் பிரிவு, தனிமை, மனக்காயம் என உள்முகமாகத் திரும்பியது. இண்டி ராக் என்பது பெரிய நிறுவனங்களைச் சாராமல் வளர்ந்த ராக் இசை.

பாடல் அனுப்ப எந்தக் குழுவும் முன்வரலாம் என டீப் எல்ம் கதவைத் திறந்து வைத்தது. அதனால் இவ்வரிசையில் எமோ என்ற வரையறைக்குள் அடங்காத பாடல்களும் இடம்பெற்றன. முதல் தொகுப்பில், அப்போதே பெரிய நிறுவன ஒப்பந்தம் பெற்றிருந்த ஜிம்மி ஈட் வேர்ல்ட் குழுவும் இருந்தது. பின்னாளில் அக்குழுவின் ‘தி மிடில்’ பாடல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் 5ஆம் இடம்வரை சென்றது. அதன் பழைய பாடலைத் தேடி வரும் ரசிகர், பக்கத்தில் உள்ள அறியாத குழுக்களையும் கேட்கிறார். தொகுப்பின் பலம் இதுதான்.

நம்மிடம் உள்ள தொகை

இந்த முறை தமிழுக்குப் பழக்கமானது. குறுந்தொகையும் ஒரு தொகுப்பே. அதில் உள்ளவை அகப்பாடல்கள். 200க்கும் மேற்பட்ட புலவர்களின் 400 பாடல்களில் கபிலர், பரணர், ஔவையார் போன்ற பெரிய பெயர்களுக்கு அருகே, ஒரே பாடலால் மட்டும் அறியப்படுவோரும் உள்ளனர்.

அவர்களில் ஒருவர் செம்புலப்பெயனீரார். இயற்பெயர் தெரியாததால், பாட்டில் வரும் உவமையே அவருக்குப் பெயரானது. அவர் பாட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டன் சுரங்க ரயிலில்கூட இடம்பெற்றது. தொகுத்தவரால் பாட்டு பிழைத்தது. பெயர் பிழைக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

இன்று தொகுப்பு வெளியிடுவோர் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், வாசித்தவர் பெயர்களை இணையத் தளங்களில் பாடலை ஏற்றும்போதே முழுமையாகப் பதிய வேண்டும். குழுவின் பெயர் மட்டும் போதாது. குழு கலைந்தால் யார் பாட்டு என்ற கேள்வி எழும்.

அடுத்தது உரிமை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தப் பாடல் எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வடிவம் பெற்றதுமே பாதுகாப்புக் கிடைக்கிறது, பதிவு கட்டாயமில்லை. விரும்பினால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் அறிவிப்புச் செய்து சான்று வைத்துக்கொள்ளலாம். உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

எனவே, தொகுப்புக்குப் பாடல் தருவதற்காக உரிமையையே எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. ‘இந்த ஆல்பத்துக்கு மட்டும் அனுமதி, குழு தன் சொந்த ஆல்பத்திலும் இப்பாடலை வெளியிடலாம்’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். செலவையும் வருமானத்தையும் எப்படிப் பிரிப்பது என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்று தோன்றலாம். நட்பு கெடாமல் இருக்கத்தான் அது.