கடன் செயலி கேட்கும் அடமானம்

ஐயாயிரம் ரூபாய் கடன் என்று திரையில் வருகிறது. ஐந்தே நிமிடத்தில் வங்கிக் கணக்கில் பணமும் ஏறிவிடுகிறது. ஆனால் வந்தது மூவாயிரம்தான். செயலாக்கக் கட்டணம், சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று சொல்லி இரண்டாயிரத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஏழாம் நாள் முழு ஐயாயிரத்தையும் கட்ட வேண்டும். கைக்கு வந்த மூவாயிரத்துக்கு ஒரு வாரத்தில் இரண்டாயிரம் வட்டி. ஆண்டுக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் 3,400 சதவீதத்தைத் தாண்டுகிறது. மீட்டர் வட்டி, ரன் வட்டி, நாள் வட்டி என்று எத்தனையோ பார்த்த ஊர் இது. அந்த வட்டிகளின் வரிசையில் வைக்க வேண்டிய விகிதம் இது.

வட்டியைவிடக் கொடியது, இந்தக் கடனுக்கு அவர்கள் வாங்கிக்கொள்ளும் அடமானம். நகை கேட்பதில்லை, பத்திரம் கேட்பதில்லை, ஜாமீன் கையெழுத்தும் கேட்பதில்லை. செயலியை நிறுவியதும் திரையில் வரிசையாகச் சில கேள்விகள் வரும். தொடர்புகளை அணுக அனுமதிக்கவா? படங்களை அணுக அனுமதிக்கவா? குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கவா? அனுமதி தராவிட்டால் செயலி மேலே நகராது. மருத்துவமனையில் பணம் கட்டவோ கல்லூரிக் கட்டணத்துக்கோ அலைந்துகொண்டிருப்பவர், படித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்திவிடுகிறார். போனில் இருக்கும் நானூறு, ஐந்நூறு பேருடைய பெயரும் எண்ணும் அந்த நொடியே எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்விடும். தாய்மாமன், பழைய முதலாளி, மகளின் வகுப்பு ஆசிரியை, மகளிர் குழுத் தலைவி என்று அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கடன் வாங்கவில்லை, ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் நமக்கு இருக்கும் மானம்தான் இங்கே அடமானப் பொருள்.

2020 ஊரடங்கில் வேலையும் கூலியும் நின்றபோது இந்தச் செயலிகள் பெருகின. அந்த ஆண்டு இறுதியில் தெலங்கானாவில் அடுத்தடுத்து நடந்த தற்கொலைகள் இந்தத் தொழிலின் உள்பக்கத்தை வெளியே கொண்டுவந்தன. மிரட்டிப் பேசுவதற்கென்றே கால் சென்டர்கள் நடந்துவந்ததைக் காவல்துறை கண்டுபிடித்தது. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் பெங்களூருவில் இருந்த சீனர்கள் இருவரை உள்ளூர்க் கூட்டாளிகளோடு கைது செய்தனர். அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் இந்தியர்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று அந்தக் குழு சொன்னது. பாதிக்கு மேல்.

பணம் வசூலிக்கும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு நாள் கெடு என்றால் ஐந்தாம் நாளே போன் வரத் தொடங்கும். ஆறாம் நாள் வாட்ஸ்அப்பில் உங்கள் ஆதார் படத்தை அனுப்பி, அதற்குக் கீழே உங்கள் உறவினர்களின் எண்களை வரிசையாகப் போடுவார்கள். "இன்னும் ஒரு மணி நேரம், அப்புறம் எல்லாருக்கும் போகும்" என்று ஒரு வரி. பிறகு நீங்கள் கேஒய்சிக்காக எடுத்துக் கொடுத்த செல்ஃபியை நிர்வாண உடலோடு ஒட்டிய படம் வரும். முன்பெல்லாம் இப்படி ஒட்டுவதற்குக் கைத்திறன் வேண்டும், நேரமும் வேண்டும். ஒட்டுவேலை என்பது பார்த்தாலே தெரியும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு ஒரு முகம் போதும். உண்மைப் படம் என்று பெற்ற தாயே நம்பும்படி சில நிமிடங்களில் செய்து கொடுத்துவிடுகின்றன. கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து கத்தினால் தெருவுக்குத்தான் தெரியும். இவர்கள் ஒரே பொத்தானில் சொந்தம், அலுவலகம், பள்ளி என்று எல்லா இடத்திலும் கத்துகிறார்கள்.

கட்டித் தொலைத்துவிடலாம் என்று கட்டினாலும் முடிவதில்லை. கட்டியது கணக்கில் ஏறவில்லை என்பார்கள். அல்லது இன்னொரு செயலியைக் காட்டி, அதில் வாங்கி இதை அடைக்கச் சொல்வார்கள். பல நேரம் இரண்டு செயலிக்கும் பின்னால் இருப்பது ஒரே கும்பல். மூவாயிரத்தில் தொடங்கிய கடன் லட்சங்களில் போய் நிற்பது இப்படித்தான்.

இதில் மாட்டியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றம் ஆகாது. அது உரிமையியல் விவகாரம். கடன் தவணை தவறியதற்காக சி.பி.ஐ. உங்களுக்கு வாட்ஸ்அப்பில் கைது ஆணை அனுப்பாது, நீதிமன்றம் வீடியோ காலில் சம்மன் தராது. முத்திரை குத்தி வரும் அந்தக் காகிதங்கள் போலியானவை. காசோலை கொடுத்து அது பணமில்லாமல் திரும்பியிருந்தால் மட்டும் சட்ட நிலை வேறு, அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்களை மிரட்டுவதுதான் குற்றம். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவிலும், குற்றமுறு மிரட்டல் 351-ஆம் பிரிவிலும் வருகிறது. ஆபாசப் படத்தை மின்னணு வழியில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் வருகிறது. கடன் உண்மையாகவே பாக்கி இருந்தாலும் இந்தக் குற்றங்கள் குற்றங்கள்தான். "வாங்கியது நாமதானே" என்ற கூச்சத்தில் புகார் கொடுக்காமல் இருப்பவர்கள் இதைக் காதில் வாங்க வேண்டும்.

முறையான வங்கியோ நிதி நிறுவனமோ செயலி வழியாகக் கடன் தந்தாலும் அவர்களுக்கும் கடிவாளம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்து, 2025 மே மாதம் திருத்தித் தொகுத்த விதிகளின்படி, கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அழைப்புப் பதிவுகளையும் தொடவே கூடாது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றைக்கூட உங்கள் வெளிப்படையான சம்மதத்தோடு, ஆளை உறுதிசெய்யும் ஒரு முறை மட்டுமே பயன்படுத்தலாம். கடன் பணம் அந்த நிறுவனத்திலிருந்து நேரே உங்கள் கணக்குக்கு வர வேண்டும். திருப்பிக் கட்டுவதும் நேரே அதன் கணக்குக்குத்தான். யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் கடனுக்கு முன்பே முக்கிய விவர அறிக்கையாகத் தர வேண்டும். வாங்கிய பிறகு மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கொடுத்து, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். வசூலிக்க வரும் முகவர் யார் என்பதை முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது, சட்டம் இருந்தும் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைப் பார்த்தோம். 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இன்னொரு சட்டம், டிஜிட்டல் கடன் தருபவர்களையும் சேர்த்தே பேசுகிறது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தாரையோ வலுக்கட்டாயப்படுத்தி வசூலிப்பதை அது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அந்த நெருக்கடியில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்குப் போடவும் வழி செய்கிறது. காவல் நிலையத்தில் இந்த 2025 சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கேளுங்கள்.

இனி, மாட்டிக்கொண்டவர் என்ன செய்யலாம்? பயத்தில் பலர் முதலில் செய்வது செயலியை நீக்குவதும் மிரட்டல் செய்திகளை அழிப்பதும். தயவுசெய்து அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. செயலியின் பெயர், கடன் தொகை, கெடு தெரியும் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மிரட்டிய எண்கள், அனுப்பிய படங்கள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் வேறொரு போனுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பி வையுங்கள். பணம் வந்ததற்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள யுபிஐ பரிவர்த்தனை எண்களை எழுதி வையுங்கள், காவல்துறை அதைப் பிடித்துத்தான் பணம் போன கணக்கைத் தேடும். பிறகு போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குத் தந்த அனுமதிகள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, செயலியை நீக்குங்கள். ஏற்கெனவே போன தகவல் திரும்பாது என்பது உண்மை. இனிமேல் போவதையாவது நிறுத்தலாம்.

புகாருக்கு 1930 என்ற எண் இருக்கிறது. பணம் பறிபோனால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அந்த அளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு கூடும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படப் புகார்களைப் பெயர் சொல்லாமலே அங்கே பதிவு செய்ய வழி உண்டு. மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் பிரிவு இருக்கிறது. அங்கே நேரில் போகும்போது படித்த, நிதானமான ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். கடன் தந்தது பதிவு பெற்ற நிதி நிறுவனம் என்றால், முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வழி கேட்க 14448-ஐ அழைக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இப்படி மாட்டியவர்களைத் தேடிப்பிடித்து, "உங்கள் படத்தை அழித்துத் தருகிறோம், கடனை முடித்துத் தருகிறோம்" என்று முகநூலிலும் டெலிகிராமிலும் கட்டணம் கேட்பவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். காவல்துறை புகாருக்குப் பணம் வாங்காது. பணம் கேட்டால் அது இரண்டாவது மோசடி.

கடன் வாங்கும் முன்பே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முறைப்படியான நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. நிறுவனங்கள் தாமே தரும் விவரம் என்பதால், அதில் பெயர் இருப்பதை ரிசர்வ் வங்கியின் நற்சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் இல்லாவிட்டால் ஒதுங்கிவிடுவது நல்லது. போலிகள் நல்ல நிறுவனங்களின் பெயரையும் முத்திரையையும் திருடிப் போட்டுக்கொள்கின்றன. அதனால் செயலி சொல்வதை நம்பாமல், அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் இந்தச் செயலி தங்களுடையது என்று அது சொல்கிறதா எனப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட்டு எந்தச் செயலியையும் நிறுவாதீர்கள்.

எல்லாப் பாரத்தையும் கடன் வாங்கியவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. 2021 ஏப்ரல் முதல் 2022 ஜூலை வரை 2,500-க்கும் மேற்பட்ட கடன் செயலிகளையும், அதன் பிறகு 2023 ஆகஸ்டுக்குள் இன்னும் 2,200-க்கும் மேற்பட்டவற்றையும் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அத்தனையும் முதலில் அந்தக் கடையில் அனுமதி பெற்று உட்கார்ந்திருந்தவை. கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கூகுள் 2023-இல்தான் கொண்டுவந்தது. அதற்குள் எத்தனை வீடுகள் அழுதுவிட்டன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே தீர்ப்பளித்துவிட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் வந்தது. அதற்கான விதிகள் வெளியானது 2025 நவம்பரில். நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து மேலும் 18 மாத அவகாசம். தொழில்நுட்பம் வாரத்துக்கு ஒரு புதுக் கருவியைக் கொடுக்கும் காலத்தில் இவ்வளவு நிதானம் மக்களுக்குக் கட்டாது. இதைத் தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.

கடைசியாக, கடன் வாங்காதவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து அப்படி ஒரு செய்தி வரலாம். தெரிந்த பெண்ணின் படம், அசிங்கமான ஒரு வரி, "இவள் திருடி, பணத்தைக் கட்டச் சொல்லுங்கள்" என்று. அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டில்கூடக் காட்டாதீர்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்களை மிரட்டியதாகவோ தொல்லை செய்ததாகவோ நீங்களே ஒரு புகார் கொடுங்கள். அதற்கும் முன்னால் அந்தப் பெண்ணை அழைத்து, "இது பொய்ப் படம் என்று எனக்குத் தெரியும்மா, பயப்படாதே, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். தகவல் போய்விட்டது என்று தெரிந்த இரவுதான் பலருக்கும் தாங்க முடியாத இரவு. பேச ஆள் இல்லை என்றால் 104 அல்லது 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், அதையும் சொல்லுங்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை வைத்துத்தான் இந்தக் கும்பல் பிழைக்கிறது. அந்த நாலு பேரில் ஒருவர் நீங்கள்.