கார் பிரேக் பராமரிப்பு: மதுரைச் சமவெளியும் மலைச்சாலையும்

கார் பிரேக் பராமரிப்பு என்பது ஓடும் காரை நிறுத்தும் உறுப்புகளைக் குறித்த காலத்தில் சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றி, பிரேக் ஆயிலைப் புதுப்பிக்கும் பணிமனை வேலையாகும். மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பகுதிகளில் ஓடும் கார்களுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி சமதரையில் ஓடும் கார், விடுமுறை வந்ததும் ஒரே நாளில் கொடைக்கானலுக்கோ போடிமெட்டுக்கோ ஏறி இறங்குகிறது. பேட் நன்றாகவே இருந்தும், சமவெளியில் எந்தக் குறையும் காட்டாத பிரேக் மலையிறக்கத்தில் கைவிடக்கூடும். அதற்கு முக்கியக் காரணம் பழைய பிரேக் ஆயில்.

வேலை செய்யும் விதம்

பிரேக் மிதியை அழுத்தினால், என்ஜினுக்கு அருகிலுள்ள மாஸ்டர் சிலிண்டர் அந்த அழுத்தத்தைப் பிரேக் ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. பெரும்பாலான சிறு கார்களில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. முன்னால் காலிபர் இரண்டு பேட்களைச் சுழலும் டிஸ்க்கின் மீது இறுக்குகிறது. பின்னால் வீல் சிலிண்டர் லைனிங் ஒட்டிய ஷூக்களை டிரம்மின் உட்புறம் தள்ளுகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால்தான் காலின் அழுத்தம் குறையாமல் சக்கரத்தைச் சேர்கிறது. குழாயில் காற்றோ நீராவியோ புகுந்தால் கதை வேறு. ஆவி சுருங்கும், மிதி பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது.

மிதியை லேசாக அழுத்தினாலே போதும்படி உதவுவது பூஸ்டர். அது என்ஜின் தரும் வெற்றிடத்தால் இயங்குகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் வண்டியை உருள விடும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. அப்படிச் செய்தால் இரண்டு மூன்று அழுத்தல்களுக்குப் பிறகு பூஸ்டரின் உதவி தீர்ந்து, மிதி கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் கூடவே இறுகும். மிச்சமாகும் பெட்ரோலுக்கு இது மிக அதிக விலை.

பிரேக் ஆயில்

பேச்சு வழக்கில் ஆயில் என்றாலும் இது எண்ணெய் அன்று. கிளைக்கால் வகைத் திரவம். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் உப்பி, மாஸ்டர் சிலிண்டர் முதல் வீல் சிலிண்டர் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், அடிக்கடி திறக்கும் மூடி வழியாகவும் ஈரம் மெல்லச் சேர்கிறது. புதிய டாட் 3 வகையின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியசாக இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அதற்கான வரம்பு 140 டிகிரி மட்டுமே. டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. அதாவது சிறிதளவு நீர் சேர்ந்தாலே எழுபது டிகிரி அளவுக்குப் பாதுகாப்பு பறிபோகிறது. இந்தக் குறை நகர ஓட்டத்தில் வெளியே தெரியாது. மாட்டுத்தாவணியிலிருந்து திருப்பரங்குன்றம் போய்வரும் காரின் பிரேக் அந்த வெப்பத்தைத் தொடுவதே அரிது.

மலையிறக்கத்தின் வெப்பம்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பெருமாள்மலை வழியாக வத்தலக்குண்டு வருவதற்குள் வண்டி 1,700 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. ஆட்களும் மூட்டை முடிச்சுகளும் சேர்த்து 1,250 கிலோ எடையுள்ள கார் இவ்வளவு இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 2 கோடி ஜூல். ஏறத்தாழ 70 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்கின்றன. மீதியை என்ஜின் தாங்குகிறதா பிரேக் தாங்குகிறதா என்பது ஓட்டுநர் போடும் கியரைப் பொறுத்தது. இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்கினால் என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு மிதியிலேயே கால் வைத்திருந்தால் முழுச்சுமையும் பேட்களுக்குப் போகிறது. பேட்டின் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலை எட்ட, பழைய ஆயில் அங்கே கொதிக்கிறது.

பணிமனையில்

மலைப்பயணத்துக்கு முன் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்ப்பதே சரியான சோதனை. பேட்டின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. ஒரு பேட் அதிகமாகவும் இணைப்பேட் குறைவாகவும் தேய்ந்திருந்தால் குற்றம் பேட்டில் இல்லை. காலிபரின் ஸ்லைடு பின் இறுகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் தடவாமல் புதுப் பேட் போடுவது வீண் செலவு. பிரேக் அடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுப்பதற்கும் இதுவே அடிக்கடி காரணமாகிறது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். லேத்தில் கடைந்த பின் அந்த அளவுக்குக் கீழே போனால் டிஸ்க்கை மாற்ற வேண்டும்.

பின்பக்க டிரம்மைப் பலர் திறப்பதே இல்லை. கரிசல் காட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் டிரம்முக்குள் தூசி மாவாகப் படிந்திருக்கும். அதைக் காற்றுக் குழாயால் ஊதி அகற்றும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியாலோ பிரேக் கிளீனர் திரவத்தாலோ துடைப்பதே முறை.

ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுவது பொதுவான வழக்கம். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. ஈரம் சேர்ந்த திரவம் காலிபரில் அப்படியே தங்கிவிடும். ஒவ்வொரு சக்கரத்தின் நிப்பிளிலும் பழையது வெளியேறிப் புதியது குமிழி இல்லாமல் வரும்வரை விட வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவ்வகைக் கார்கள் சிலவற்றில் காற்றை முழுதாக எடுக்க ஸ்கேனர் கருவி தேவைப்படும்.

உதிரிபாகங்களும் மதுரையும்

இந்திய பிரேக் தொழிலின் வேர்களில் ஒன்று மதுரையில் உள்ளது. 1911இல் டி. வி. சுந்தரம் அய்யங்கார் இங்கே தொடங்கிய டிவிஎஸ் குழுமம், 1962இல் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவை உருவாக்கியது. டிவிஎஸ் கர்லிங் என்ற பெயர் மெக்கானிக்குகளின் வாயில் இன்றும் புழங்குவது அதனால்தான். சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று பக்கத்து விருதுநகர் மாவட்டத்தின் முஷ்டக்குறிச்சியில் உள்ளது. இவ்வளவு அருகில் தயாராகும் பொருளுக்கும் சந்தையில் போலிகள் வரக்கூடும் என்பதால், பில்லுடன் வாங்குவதும் ஆயில் டப்பாவின் சீல் உடையாததைப் பார்ப்பதும் அவசியம்.

இறக்கத்தில் பிரேக் கைவிட்டால்

மிதி தரையைத் தொட்டால் அதை வேகமாகப் பலமுறை மிதிக்க வேண்டும். ஓரளவு அழுத்தம் திரும்பலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, பள்ளத்தை விட்டு மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குவது பாதுகாப்பு. சூடேறிய டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகி, மிதி பழையபடி நிற்கும். வத்தலக்குண்டு வந்து வண்டியைக் காட்டினால் மெக்கானிக்கின் காலுக்கு எந்தக் குறையும் தென்படாது. எனவே பிரேக் சரியில்லை என்று மட்டும் சொல்லாமல், எந்த வளைவில், எவ்வளவு தூரம் இறங்கிய பின், எந்தக் கியரில் மிதி இறங்கியது என்று அவரிடம் விவரமாகச் சொல்லி, ஆயிலை அன்றே மாற்றச் சொல்ல வேண்டும்.