குறி தவறும்போது சிறுமூளையில் நடப்பது

காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் பட்டகக் கண்ணாடியை ஒருவருக்கு மாட்டிவிட்டு, எதிரே இருக்கும் இலக்கின் மீது களிமண் உருண்டையை எறியச் சொல்கிறார்கள். முதல் வீச்சு வெகுவாக விலகுகிறது. எறிய எறிய விலகல் குறைந்து, சற்று நேரத்தில் குறி தப்பாமல் விழுகிறது. இப்போது கண்ணாடியைக் கழற்றினால் உருண்டை எதிர்ப்பக்கமாக விலகிப் போகும்! செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சிறுமூளை பழுதுபட்டவர்களிடமும் செய்து பார்த்து 1996இல் வெளியிட்டார்கள். அவர்களில் பலருக்குக் கண்ணாடியால் வந்த விலகல் திருந்தவே இல்லை.

பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில் இருக்கும் சிறுமூளை, எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் ஏறக்குறைய 6,900 கோடி அதற்குள் இருக்கின்றன.

அவற்றுள் முக்கியமானது பர்கின்ஜி செல். கை எங்கே இருக்கிறது, கண் எதைப் பார்க்கிறது, தசைக்கு என்ன ஆணை போயிருக்கிறது என்ற செய்திகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழியே அதற்கு வந்து சேர்கின்றன. இவை போக, ஒரே ஒரு நரம்பிழை கொடிபோல அதைச் சுற்றி ஏறுகிறது. பெயரே ஏறு இழை. நொடிக்கு ஒருமுறை அளவில்தான் அதில் துடிப்பு வரும். வந்தால் செல் முழுவதும் அதிரும்.

1969இல், 24 வயது ஆய்வாளர் டேவிட் மார் துணிந்து ஒன்று சொன்னார்: ஏறு இழை துடிக்கும் நேரத்தில் எந்த இணைப்புகள் செயல்பட்டனவோ அவை வலுப்பெறும், கற்றல் என்பது அதுதான். 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் என்ற பொறியாளர் இதைத் திருத்தினார். ஏறு இழை கொண்டுவருவது தவறு நேர்ந்த சேதி என்றால், அந்த நேரத்தில் செயல்பட்ட இணைப்புகள் வலுவிழக்கத்தானே வேண்டும்? ஜப்பானிய அறிஞர் மசாவோ இட்டோவின் குழு 1982இல் முயல்களிடம் சோதித்தபோது இணைப்புகள் வலுவிழப்பதே தெரிந்தது.

இதில் வியப்பு, மேற்பார்வையாளர் யாருமே இல்லை என்பதுதான். உருண்டையைப் பற்றியோ இலக்கைப் பற்றியோ ஓர் இணைப்புக்கு எதுவும் தெரியாது. தன் வழியே சற்றுமுன் செய்தி போனதா, அதையொட்டி ஏறு இழை துடித்ததா என்ற இரண்டே தகவல்கள்தாம் அதன் கைவசம். அவற்றை வைத்து அது தன்னை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறது. கோடிக்கணக்கான இணைப்புகள் இப்படித் தனித்தனியே மாறுவதால்தான் வீச்சு திருந்துகிறது.

கதை இட்டோவோடு முடியவில்லை. இந்த வலுவிழப்பு நிகழாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகளும் கண்ணசைவுப் பயிற்சியை வழக்கம்போலவே கற்றதாக 2011இல் ஓர் ஆய்வு காட்டியது. இணைப்புகள் வலுப்பெறுவதும், சிறுமூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கருக்களில் ஏற்படும் மாற்றங்களும் கற்றலில் பங்கேற்கின்றன என்று ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள்.