படத்துக்கும் பேசத் தெரியணும்!

"ஐ.எம்.ஜி. நாலு ஏழு ஒண்ணு டாட் ஜேபிஜி..."

சர்க்கரை நோயால் பார்வை இழந்த எங்கள் அத்தைக்கு, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் இணையப் பக்கத்தை செல்போன் படித்துக் காட்டிய லட்சணம் இது! 'ஞாயிறு காலை 7 முதல் 9 வரை மட்டும்' என்ற அறிவிப்பு ஒரு படத்துக்குள் இருந்தது. அது தெரியாமல் அத்தை வெறும் வயிற்றோடு ஒன்பதரைக்குப் போய் நின்றார். கதவில் பூட்டு. வியர்வை, படபடப்பு... எதிர் டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ வாங்கிக் கொடுத்துத்தான் மாமா சமாளித்தார்.

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. இவையெல்லாம் திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிப்பவை. படம் வந்தால்? பக்கத்தைத் தயாரித்தவர் அந்தப் படத்தோடு 'ஆல்ட்' என்ற இடத்தில் எழுதி வைத்ததைப் படிக்கும். அந்த இடமே இல்லையென்றால் பல நேரம் ஃபைலின் பெயரைத்தான் ஒப்பிக்கும். இப்போது சில போன்கள் படத்தைப் பார்த்துத் தாமே ஊகித்துச் சொல்கின்றன. மருந்தின் அளவை ஊகத்துக்கு விட முடியுமா?

என்ன எழுதுவது? படம் அங்கே என்ன வேலை செய்கிறதோ, அதை. டெலிபோன் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும் என்றால் 'டெலிபோன்' என்று எழுதினால் போதாது. 'எங்களை அழைக்க' என்று எழுதுங்கள். 'படம்' என்று ஆரம்பிக்கவே வேண்டாம், அதைக் கருவியே சொல்லிவிடும். அழகுக்காக வைத்த பூவா? மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றும் எழுதாமல் காலியாக விடுங்கள். கருவி பேசாமல் தாண்டிப் போகும். காலியாக விடுவது வேறு, ஆல்ட்டே போடாமல் விடுவது வேறு. நேரம், கட்டணம் அடங்கிய பெரிய அறிவிப்பா? அதைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போடுவதுதான் உத்தமம்.

'டைட்டில்' என்று இன்னொரு இடம் உண்டு. மவுஸை வைத்தால் எட்டிப் பார்க்குமே, அது! செல்போனில் மவுஸ் ஏது? அதை மட்டும் நம்பாதீர்கள்.

இதொன்றும் புது விஷயமில்லை. 1999-ல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் வழிகாட்டியின் முதல் விதியே, படத்துக்கு ஈடான எழுத்து வேண்டும் என்பதுதான்.

உங்கள் பிள்ளை யாருக்காவது இணையப் பக்கம் செய்து தருகிறாரா? டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, அதை நிறுத்துவது எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும். ஒருமுறை தொட்டால் படிக்கும், இரண்டுமுறை தட்டினால்தான் திறக்கும். எங்கள் வீட்டில் அரைமணி நேரம் திண்டாடினோம்!