பழைய ரிசீவரும் புது ஸ்பீக்கரும்

(மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்)



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கவிதை எழுத நிறைய பேர் இருக்காங்க, நீ உருப்படியா டெக்னிக்கலா ஏதாவது எழுது" என்றார்கள். நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் முதல் தடவை தப்பாகத்தான் செய்தேன். அந்தக் கதையையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு ஏ.வி. ரிசீவர் இருக்கிறது. 2003-ல் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. என்னைவிட மூத்தது! அப்பா 22 வருஷம் சினிமா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிய பிறகு, அவருக்கு மிச்சமிருந்த தியேட்டர் இந்த ரிசீவர்தான். ஆனால் கொஞ்ச நாளாகப் படம் ஓடும்போதெல்லாம் "என்னடா சொல்றான்?" என்று கேட்க ஆரம்பித்தார். பாட்டு கேட்கிறது, சண்டை கேட்கிறது, வசனம் மட்டும் புரியவில்லை. கடைசியில் ஒருநாள், "எனக்குக் காது போச்சுடா தம்பி. இதை எடைக்குப் போட்டுடலாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

செல்போன் சர்வீஸ் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்துச் சேர்த்த 6,000 ரூபாய் கையில் இருந்தது. புது ரிசீவருக்கு அது எந்த மூலைக்கு? சரி, ஸ்பீக்கரையாவது மாற்றுவோம் என்று 3,500 ரூபாய்க்குப் பெரிய சைஸ் செகண்ட் ஹேண்ட் பெட்டி ஒரு ஜோடி வாங்கினேன். பழைய பெட்டிகளைக் கழற்ற மனமில்லாமல், அவற்றோடு சேர்த்தே புதுசையும் மாட்டினேன். நாலு பெட்டி, நாலு மடங்கு சத்தம் என்று கணக்கு! படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம். 'டக்' என்று ஒரு சத்தம். ரிசீவர் அணைந்து, சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது. அப்பா "போச்சாடா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

எங்கே தப்பு?

மறுநாள் லேப் சாரிடம் ஓடினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்ப்பா, ரிசீவர் முதுகுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?" படிக்கவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், 'குறைந்தபட்சம் 6 ஓம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது!

பழைய பெட்டி 8 ஓம், நான் வாங்கியது 4 ஓம். இரண்டும் பேரலலில். முதலாம் ஆண்டு ஃபார்முலாதான்: 8-ஐயும் 4-ஐயும் பெருக்கி, கூட்டுத்தொகை 12-ஆல் வகுத்தால் 2.67 ஓம். ஆம்ப்ளிஃபயர் 16 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 8 ஓமில் ஓடும் கரண்ட் 2 ஆம்பியர். 2.67 ஓமில் 6 ஆம்பியர். மூன்று மடங்கு! அவுட்புட் டிரான்சிஸ்டர் சூடேறாமல் என்ன செய்யும்? நல்ல வேளை, உள்ளே இருந்த புரொடெக்‌ஷன் ரிலே தன்னைத்தானே துண்டித்துக்கொண்டது. ஆறவைத்து, புதுப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் போட்டேன். உயிர் வந்தது. எனக்கும்தான்!

பரீட்சையில் நூறு தடவை எழுதிய ஓம் விதி, வீட்டு ஹாலில் ஞாபகத்துக்கு வரவில்லை. இதுதான் நம் படிப்பின் லட்சணம்.

வாட்ஸைப் பார்க்காதே, டெசிபலைப் பார்!

கடையில் நாமெல்லாம் கேட்பது "எத்தனை வாட்ஸ் அண்ணே?" என்றுதான். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது தாங்கும் அளவு மட்டுமே. அது தரும் சத்தம் அல்ல. (பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ்தான் கணக்கு.) பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது. 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு பவர் தர வேண்டும். ஆகவே 84 டெசிபல் பெட்டிக்கு 40 வாட் வேண்டிய இடத்தில், 90 டெசிபல் பெட்டிக்கு 10 வாட் போதும். பழைய ரிசீவரை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்? சென்சிட்டிவிட்டி கூடிய 8 ஓம் பெட்டி வாங்கினால், கிழட்டுக் குதிரைக்கு வண்டி பாரம் குறைந்த மாதிரி.

அப்பா சொன்ன ரகசியம்

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து அப்பா கேட்டார். "தியேட்டர்ல வசனம் எங்கேருந்து வரும் தெரியுமா? ஸ்கிரீனுக்குப் பின்னாடி நடுப் பெட்டியிலேருந்து. அதுக்காகத்தான் ஸ்கிரீன்ல பொடிப் பொடியா ஓட்டை இருக்கும். நம்ம வீட்டு நடுப் பெட்டி எங்கே இருக்கு பாரு!"

பார்த்தேன். டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், சாமான்களுக்கு நடுவே, எங்கள் முழங்காலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது! வீட்டிலும் வசனத்தின் பெரும் பகுதி சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். நான் மாற்றியிருக்க வேண்டியது அதைத்தான்.

4 ஓம் ஜோடியை 3,000-க்குத் தள்ளிவிட்டேன் (500 ரூபாய் டியூஷன் ஃபீஸ்!). 90 டெசிபல், 8 ஓம் சென்டர் ஸ்பீக்கர் ஒன்று செகண்ட் ஹேண்டில் 4,000-க்குக் கிடைத்தது. தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுத்து, காதை நோக்கி நிமிர்த்தி வைத்தேன்.

அப்புறமும் சத்தம் வரவில்லை! காரணம், ரிசீவர் 'ஸ்டீரியோ' மோடில் இருந்தது. அதில் சென்டர் பேசாது. 'ப்ரோ லாஜிக்' மோடுக்கு மாற்றினால், இடது வலது இரண்டிலும் பொதுவாக உள்ள ஒலியைப் பிரித்து நடுவுக்குத் தரும்.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வரும். பழைய ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இல்லையே? அது வந்ததே 2002 டிசம்பரில்தான். கவலை வேண்டாம். டி.வி.யில் ஆப்டிகல் அவுட்புட் இருந்தால் ஒரு கேபிள் போதும். செட்டிங்கில் 'டால்பி டிஜிட்டல்' தேர்ந்தெடுத்தால் 5.1 வரும். ட்ரூ ஹெச்.டி. போன்ற பிற்காலத்து வடிவங்கள் அந்தக் கேபிளில் போகாது. அதற்காக ரிசீவரை எடைக்குப் போட வேண்டியதில்லை.

செய்வதற்கு முன் சில குறிப்புகள்

1. ரிசீவர் நலமா என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றி, வால்யூமை ஜீரோவில் வைத்து, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் எந்த ஸ்பீக்கரையும் மாட்டாதீர்கள், காயில் எரிந்துவிடும்.

2. லேபிள் கிழிந்த ஸ்பீக்கரா? மீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் பெட்டி 6 அல்லது 7 காட்டும். 4 ஓம் பெட்டி 3-ஐ ஒட்டிக் காட்டும்.

3. மெல்லிய ஒயர் வேண்டாம். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 5 மீட்டர் தூரம் போய் வர ரெசிஸ்டன்ஸ் 0.13 ஓமுக்குள்தான். பிளஸ், மைனஸ் மாறாமல் மாட்டுங்கள். மாறினால் பேஸ் காணாமல் போகும்.

4. சப்வூஃபர் இருந்தால், மற்ற பெட்டிகளை மெனுவில் 'ஸ்மால்' என்று வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான வேலை சப்வூஃபருக்குப் போய்விடும், ரிசீவருக்கு மூச்சு கிடைக்கும்.

5. ஒலி கரகரத்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள். ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆகும்போது முதலில் போவது ட்வீட்டர்.

6. தெரியாமல் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் இருக்கும்!

அப்பாவின் காதையும் டாக்டரிடம் காட்டினோம். வயசுக்கு ஏற்ற குறை கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். மீதிக் குறை எங்கள் டி.வி. ஸ்டாண்டில்தான் இருந்திருக்கிறது. இப்போது அவர் "என்னடா சொல்றான்?" என்று கேட்பதில்லை. போன வாரம் ஒரு காமெடிக் காட்சியில், முணுமுணுப்பாக வந்த வசனத்துக்கு எனக்கு முன்னால் சிரித்தார். ரிசீவரை எடைக்குப் போடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஆகவே நண்பர்களே, வீட்டில் பழைய சாதனம் எதையும் தூக்கிப் போடுமுன் ஒரு தடவை அதன் முதுகைத் திருப்பிப் படியுங்கள். பக்கத்தில் அப்பா இருந்தால் அவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.