ஒரு படம் பளிச், அடுத்த படம் இருட்டு: கல்யாண மேடையில் ஃபிளாஷ் ஏன் சொதப்புகிறது?

கெட்டிமேளம் முழங்க, தாலி கட்டும் சில நொடிகளில் நாலைந்து க்ளிக். ஒன்றில் மணமகளின் முகம் வெளிறிப்போயிருக்கிறது. அடுத்தது சரியாக இருக்கிறது. அதற்கடுத்தது பாதி இருட்டு. அதே கேமரா, அதே ஃபிளாஷ், நின்ற இடமும் அதேதான். ரிசப்ஷன் படம் சொதப்பினால் இன்னொரு தடவை நிற்கச் சொல்லலாம். முகூர்த்தத்தை எப்படி மறுபடி நடத்துவது? ஆல்பம் கைக்கு வரும்போது பாக்கிப் பணத்தில் சிக்கல் வருவதும் இங்கேதான்.

பெரும்பாலானவர்கள் உடனே எடுக்கும் முடிவு, "ஃபிளாஷ் போயிடுச்சு, புதுசு வாங்கணும்". கொஞ்சம் பொறுங்கள். பல நேரங்களில் ஃபிளாஷ் நன்றாகத்தான் இருக்கும்.

கேமரா போடும் தப்புக் கணக்கு

இன்றைய ஃபிளாஷ்கள் பெரும்பாலும் டிடிஎல் என்ற தானியங்கி முறையில் வேலை செய்கின்றன. பட்டனை அழுத்தியதும், படம் பதிவாவதற்கு ஒரு கணம் முன்பு, ஃபிளாஷ் சின்னதாக ஒருமுறை மின்னும். அந்த வெளிச்சம் எதிரில் பட்டு லென்ஸ் வழியாகத் திரும்பி வரும் அளவைப் பார்த்து, நிஜ ஃபிளாஷ் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமரா கணக்குப் போடும். 1975-ல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, ஃபிலிமில் பட்டுத் தெறிக்கும் ஒளியையே அளந்து ஃபிளாஷைக் கட்டுப்படுத்தியது. டிஜிட்டல் சென்சாரில் ஒளி தெறிக்கும் விதம் வேறு என்பதால், முன்கூட்டியே மின்னிப் பார்க்கும் இந்த முறை நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்று கேமராவுக்கு உறுதியாகத் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடுத்தர சாம்பல் நிறம் வரும் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்கை ஆரம்பிக்கிறது.

வில்லியனூரில் 1877-ல் கட்டப்பட்ட லூர்து மாதா கோயில் இருக்கிறது. அங்கே வெள்ளை கவுனில் மணமகள் ஃபிரேமை நிறைத்து நின்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து கேமரா ஃபிளாஷைக் குறைத்துவிடும். முகம் இருண்டுவிடும். பக்கத்தில் கறுப்பு கோட்டில் மாப்பிள்ளையை மட்டும் எடுத்தால் தலைகீழ்: ஃபிளாஷ் கூடுதலாக அடித்து முகம் வெளுத்துவிடும். பட்டு ஜரிகை, கல் வைத்த நகை, மேடைக் கண்ணாடி அலங்காரம் இதில் ஏதாவது ஒன்று திடீரென பளிச்சிட்டாலும் போதும், அந்த ஒரு படம் மட்டும் டக்கென்று இருண்டுவிடும். மணமகள் லேசாகத் தலையைத் திருப்பியதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது.

வெள்ளை அதிகமென்றால் ஃபிளாஷ் காம்பன்சேஷனை +1 பக்கமும், கறுப்பு அதிகமென்றால் -1 பக்கமும் நகர்த்துவதுதான் வைத்தியம். தொடர்ச்சியாக எடுக்கும்போது கேனானில் எஃப்இ லாக், நிக்கானில் எஃப்வி லாக் என்று ஒரு வசதி இருக்கும். முகத்தை அளந்து ஒருமுறை பூட்டிவிட்டால், அடுத்தடுத்த படங்களுக்கும் அதே அளவு வெளிச்சம் வரும்.

கூரையும் கூட்டாளிதான்

ஃபிளாஷை மேலே திருப்பி, கூரையில் பட்டுத் தெறிக்க வைத்து எடுப்பவர்கள் அதிகம். வெள்ளைக் கூரை உள்ள மண்டபத்தில் இது அருமையான வழி. பாகூர் மூலநாதர் கோயில் போன்ற சோழர் காலக் கற்கோயிலில் அது எடுபடாது. கருங்கல் வெளிச்சத்தை விழுங்கிவிடும், திரும்பி வருவது ரொம்பக் கொஞ்சம். வீட்டு வாசலில் போடும் ஷாமியானா பந்தலில் வேறு தொல்லை. மஞ்சள் துணியில் பட்டால் எல்லோர் முகமும் மஞ்சள். இரண்டடி தள்ளி சிவப்புத் துணிக்குக் கீழே போனால் சிவப்பு.

நேராக அடித்தால் தூரம் முக்கியம். 2 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் 4 மீட்டரில் இருப்பவருக்குக் கிடைக்கும். முன்வரிசைக் குழந்தைகள் வெளிறி, பின்வரிசை மாமாக்கள் நிழலாக நிற்கும் குரூப் போட்டோவின் ரகசியம் இதுதான்.

மூச்சு வாங்கும் ஃபிளாஷ்

முழு பவரில் ஒருமுறை அடித்தால், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மறுபடி நிறைய சில நொடிகள் ஆகும். பல மாடல்களில் முழுதாக நிறைவதற்கு முன்பே ரெடி விளக்கு எரிந்துவிடும். அதை நம்பி அடுத்த க்ளிக் போட்டால் பாதி வெளிச்சம்தான் வரும். முகூர்த்த நேரத்துப் படங்களில் மூன்றாவதோ நான்காவதோ இருண்டு போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நான்கு ஏஏ செல்களில் ஒன்று பழையதாக இருந்தாலும் மற்ற மூன்றையும் அது இழுத்துப் பிடிக்கும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் இதற்குச் சரிப்படாது. ரீசார்ஜபிள் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் நான்கையும் ஒரே செட்டாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் போட்டுப் பயன்படுத்துவது நல்லது.

இன்னொரு வழிக்குச் செலவே இல்லை. ஐஎஸ்ஓ 400-ல் முழு பவர் தேவைப்படும் இடத்தில், 1600-க்கு ஏற்றினால் கால்வாசி பவர் போதும். ஃபிளாஷ் வேகமாகத் தயாராகும், சூடாவதும் குறையும். கொஞ்சம் புள்ளி விழுமே என்று கவலைப்பட வேண்டாம். புள்ளி விழுந்த தாலிப் படம், இருண்டுபோன தாலிப் படத்தைவிட எவ்வளவோ மேல்.

சுவரைப் பார்த்து 10 படம்

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க வீட்டுச் சுவரே போதும். கேமராவை மேனுவலில் வையுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷையும் மேனுவலுக்கு மாற்றி, 1/8 பவரில், ஐந்து நொடி இடைவெளி விட்டு 10 படம் எடுங்கள். பத்தும் ஒரே மாதிரி வந்தால் கருவியில் பழுதில்லை, குழப்பியது டிடிஎல். அடுத்து முழு பவரில் இடைவெளி இல்லாமல் எடுத்துப் பாருங்கள். போகப் போக இருண்டால் செல் அல்லது சார்ஜ் ஏறும் நேரம்தான் பிரச்னை.

முதல் சோதனையிலேயே தாறுமாறாக வந்தால், ஃபிளாஷின் அடியில் இருக்கும் உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். கடலோர ஈரக் காற்றிலும் வியர்வையிலும் அங்கே அழுக்கு படியும். உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கமாகப் பூட்டிவிட்டு மறுபடி முயற்சி செய்யலாம்.

ஆள் முகம் சரியாக வந்து, பின்னணி மட்டும் படத்துக்குப் படம் மாறுகிறதா? ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். அப்போதும் மாறினால் குற்றவாளி மேடை எல்இடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/200-ல் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் பாதிதான் பதிவாகும். 1/100-க்கு இறக்கினால் முழுச் சுற்றும் பதிவாகி, பின்னணி பெரும்பாலும் சீராகிவிடும்.

ஷட்டரை 1/250-க்கு மேல் ஏற்றினால் பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். அது ஃபிளாஷ் சிங்க் வேகத்தைத் தாண்டிவிட்டதன் அடையாளம்.

தனியாக ஸ்டாண்டில் வைத்த ஃபிளாஷ் எஸ்1 முறையில் இருந்தால், பக்கத்தில் நிற்கும் இன்னொரு போட்டோகிராபரின் ஃபிளாஷைப் பார்த்தும் அது மின்னிவிடும். உங்கள் முறை வரும்போது சார்ஜ் இருக்காது. ரேடியோ டிரிகருக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். யூடியூப் பார்த்து வீட்டில் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம். செல்லைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கலாம்.