பேய்ப்பட முன்னோட்டமும் நம் காதுகளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

சென்ற பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டார் அனைவரும் ஒரு குடும்பப் படம் பார்க்கப் புதுக்கோட்டைக்கு வந்தோம். எல்லாரும் சேர்ந்து திரையரங்குக்குப் போனது, எனக்கு நினைவு தெரிந்து, அது மூன்றாவது முறை. இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்ததும் நாங்கள் பார்க்க வந்த படத்துக்குப் பதிலாக வேறொன்று ஓடத் தொடங்கியது. வரப்போகும் பேய்ப்படம் ஒன்றின் முன்னோட்டம். இரண்டு நிமிடங்கள்தாம் இருக்கும். ஒன்பது வயதுடைய என் தம்பி, முறுக்குப் பொட்டலத்தை மடியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்தான். படம் முடியும் வரை விடவில்லை.

அன்றிரவே தொல்லை தொடங்கியது. எங்கள் வீட்டுக் கழிப்பறை கொல்லைக் கடைசியில், வேப்பமரத்தைத் தாண்டி இருக்கிறது. இருட்டிய பின் அங்கே தனியாகப் போக மாட்டேன் என்றான். அப்பா அதட்டிப் பார்த்தார். அப்பத்தா வேப்பிலையால் தடவித் திருநீறு பூசிவிட்டார். விடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போக வேண்டிய அம்மாதான் நள்ளிரவில் துணைக்கு எழுந்து போனார். ஒருநாள் காலையில் நனைந்த பாயை அவன் யாருக்கும் தெரியாமல் சுருட்டி வைத்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். (இதை அவனுடைய சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.)

"காலேசுல பௌதிகந்தானே படிக்கிற? பேய் இருக்கா இல்லையான்னு அவனுக்குச் சொல்லு" என்றார் அம்மா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஃபியூஸ் போவது முதல் பேய் வருவது வரை எல்லாம் என் பொறுப்பு. பேய் இல்லை என்று தம்பியிடம் சொன்னேன். "எனக்கும் தெரியும்க்கா. ஆனாலும் பயமா இருக்கே" என்றான்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லாத ஒன்றுக்கு உடம்பு ஏன் நடுங்குகிறது? அந்த முன்னோட்டத்தைக் கைப்பேசியில் தேடி எடுத்து, பட்டப்பகலில் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் மூன்று முறை பார்த்தோம். முதல் முறை உள்ளபடியே. இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டு. மூன்றாம் முறை ஒலியை வைத்துக்கொண்டு கண்ணை மூடி. ஒலியை அடைத்தபோது அவன் சிரித்தான். ஒரு பெண் மாடிப்படி ஏறுகிறாள், ஒரு கதவு திறக்கிறது, அவ்வளவுதான். கண்ணை மூடியபோதோ பத்து நொடிக்குள் என் கையைப் பற்றிக்கொண்டான். பயத்தில் பெரும்பங்கு காது வழியாக வருகிறது என்பது எங்கள் திண்ணை ஆராய்ச்சியின் முதல் முடிவு.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதன்று. விடியற்காலை இருளில் குடுகுடுப்பைச் சத்தம் முதலில் வரும். ஆள் பிறகுதான் வருவார். நடுவில் உள்ள அந்த நேரத்தில்தான் நாம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். கோடாங்கியின் உடுக்கையும் அப்படியே. மெதுவாகத் தொடங்கி, விட்டு விட்டு ஒலித்து, பின் இடைவெளியே இல்லாமல் அடிக்கும். இடையில் கட்டிய கயிற்றை அழுத்தினால் தோலின் இழுவிசை கூடி, சுருதி வழுக்கி மேலே ஏறும். அண்மைக்கால முன்னோட்டங்களைக் கேட்டால் ஏறக்குறைய இதே வரிசைதான் இருக்கிறது.

முன்னோட்டத்தின் ஒலியில் முக்கியமானது நிசப்தம். திடீரென்று பெரிய ஓசை கேட்டால், நொடியில் சுமார் 20இல் ஒரு பங்குக்குள் நம் இமைகள் மூடத் தொடங்கிவிடுகின்றன. மூளை யோசிப்பதற்கு முன்பே நடக்கும் அனிச்சைச் செயல் இது. பேய் இல்லை என்ற அறிவு அங்கே போய்ச் சேர நேரமில்லை. திரையரங்கில் ஓசையை ஓர் அளவுக்கு மேல் கூட்ட முடியாது, காது வலிக்கும். எனவே அதற்கு முன்னுள்ள ஓசையைக் குறைத்து, பள்ளத்தை ஆழப்படுத்துகிறார்கள். 20 டெசிபல் உயர்வு என்றால் ஒலிச்செறிவு 100 மடங்கு ஆகிறது என்று வகுப்பில் கணக்குப் போட்டோம் அல்லவா? அந்தக் கணக்கு இங்கே வேலை செய்கிறது.

1942இல் வெளிவந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இரவில் தனியே நடக்கிறாள். பின்னால் வந்த காலடியோசை நின்றுவிடுகிறது. சிறுத்தை பாயப் போகிறது என்று நாம் நினைக்கும் கணத்தில் சீறிக்கொண்டு வந்து நிற்பது ஒரு பேருந்து! தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியைத் திரைத்துறையினர் இன்றும் 'லூட்டன் பஸ்' என்கிறார்கள்.

இன்னொன்று கரகரப்பு. அமெரிக்க உயிரியலாளர் டேனியல் புளூம்ஸ்டைன், மார்மட் என்னும் மலை அணில்களின் அலறலை ஆராய்ந்தவர். அச்சத்தில் கத்தும் விலங்கின் குரல் சீராக இராது. உடைந்து, பிசிறடித்து, தாவும். திரைப்படங்களிலும் இதைப் பயன்படுத்துகிறார்களா என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் 102 படங்களின் ஒலியை ஆராய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்டனர். பேய்ப்படங்களில் இத்தகைய இரைச்சலும் அலறலும் மிகுந்திருந்தன. 1960இல் வந்த 'சைக்கோ'வில் பெர்னார்டு ஹெர்மன் வெறும் தந்திக் கருவிகளைக் கொண்டே கிறீச்சிட வைத்தது நினைவுக்கு வருகிறது.

ஏறிக்கொண்டே இருப்பதுபோல் தோன்றும் ஒலியும் உண்டு. 1964இல் ரோஜர் ஷெப்பர்டு உருவாக்கிக் காட்டினார். எண்சுர இடைவெளியில் பல சுரங்களை ஒன்றாக மேலேற்றி, உச்சியில் இருப்பதை மெல்ல மறைத்து, அடியில் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். சுழலும் திருகாணியைப் பார்த்தால் அதன் புரி ஏறிக்கொண்டே போவதுபோல் தோன்றும். ஆணியோ இருந்த இடத்தில்தான் இருக்கும். அதைப் போன்றது இது. முடிவு வரும் வரும் என்று காது காத்திருக்கிறது, வருவதில்லை.

அடித்தொனியைப் பற்றிச் சொல்லச் சித்தன்னவாசலுக்குப் போக வேண்டும். நம் ஊரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். முதலாண்டில் வகுப்புத் தோழர்களுடன் சென்றபோது, அறிவர் கோயில் கருவறைக்குள் நின்று ஒருவன் மெல்ல முனகினான். அந்த முனகல் நாலாபுறமும் பெருகி நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. காரணம் ஒத்ததிர்வு. அறையின் அகலம் ஏறத்தாழ 3 மீட்டர் என்று கொண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலைநீளம் அடங்கும் அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 114. ஆண் குரல் முனகினால் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். ஓவியம் பார்க்கப் போன நாங்கள் யாரும் அந்த நிமிடம் கூரையைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் பேய் உலவுவதாகப் பேச்சு இருந்தது. அங்கே பணியாற்றிய விக் டாண்டிக்கே ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்ததாம். பிடிகருவியில் மாட்டியிருந்த வாள் ஒன்று தானாகத் துடிப்பதைக் கண்டு தேடியபோது, புதிதாகப் பொருத்திய காற்றுப்போக்கி விசிறி சுமார் 19 ஹெர்ட்ஸில் நிலையலையை உண்டாக்குவது தெரிந்தது. நம் செவிக்கு எட்டாத ஒலி அது. விசிறியில் மாற்றம் செய்ததும் பேய் போய்விட்டது! 1998இல் இதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு மற்றவர்கள் செய்த எல்லாச் சோதனைகளும் இதை ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் திரையரங்கின் பெரிய ஒலிபெருக்கிகள் தரும் 30, 40 ஹெர்ட்ஸ் உறுமலைக் கைப்பேசியின் பொத்தான் அளவு ஒலிபெருக்கியால் தர இயலாது. தம்பி திண்ணையில் பார்த்ததைவிடத் திரையரங்கில் அதிகம் அஞ்சியதற்கு இருட்டு மட்டுமே காரணமன்று.

கேமரா செய்யும் வேலை வேறு வகை. அது காட்டுவதைவிட மறைப்பது அதிகம். ஆளை ஓரத்தில் நிறுத்தி, பின்னால் ஒரு வெற்று வாசலை விட்டுவைத்தால், நம் கண் அந்த வாசலையே மேயும். கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'வில் (2012) விஜய் சேதுபதியின் கையிலிருக்கும் டார்ச் வெளிச்சம் எவ்வளவு சிறியது! வெளிச்ச வட்டத்துக்கு வெளியே உள்ள வீடு முழுவதையும் நாமே கட்டிக்கொள்கிறோம். 'தி ஷைனிங்' (1980) படத்துக்கு ஸ்டான்லி குப்ரிக் தந்த முன்னோட்டத்தில் கேமரா அசைவதே இல்லை. மூடிய லிப்ட் கதவுகள், மேலே ஏறும் எழுத்துகள், இசை. கதவிடுக்கில் இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. ஒரே காட்சி, வெட்டே கிடையாது.

பெரும்பாலான முன்னோட்டங்கள் படத்தொகுப்பை நம்பியிருப்பவை. தம்பியை மிரட்டியதில் தொடக்கத்துக் காட்சித் துண்டுகளை விரல்விட்டு எண்ண முடிந்தது. இறுதியில் எண்ணவே முடியவில்லை. நடுநடுவே கறுப்புத் திரை. கடைசியில் படத்தின் பெயர் வந்து, அப்பாடா என்று நாம் சாய்ந்த பிறகு ஓர் அடி. இதற்கு நேர்மாறாகவும் செய்யலாம். ஹிட்ச்காக் 'சைக்கோ' முன்னோட்டத்தில் ஆறு நிமிடங்களுக்கு மேல், வீட்டைச் சுற்றிக்காட்டும் தரகர்போல் வேடிக்கையாகப் பேசிக்கொண்டே நடக்கிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். அவள் படத்தில் அந்தக் காட்சியில் நடித்த ஜேனட் லீ அல்லள், வெரா மைல்ஸ். 'பேராநார்மல் ஆக்டிவிட்டி'யின் 2009ஆம் ஆண்டு முன்னோட்டமோ படத்தோடு, படத்தைப் பார்த்து அலறும் மக்களையும் காட்டியது.

'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) வரிசையைப் பின்பற்றும் நம்மவர்கள் பேய்க்கு நடுவே நகைச்சுவையையும் பாட்டையும் நுழைத்துவிடுகிறார்கள். அழுத்தம் கூடும் முன்பே ஆவி வெளியேறிவிடுகிறது என்பது என் கருத்து. தோழிகள் ஒப்பவில்லை.

திரையரங்கில் காட்டும் முன்னோட்டத்துக்கும் தணிக்கைச் சான்று வேண்டும். கைப்பேசிக்கு அந்த வாசற்காவல் இல்லை. பாட்டுக்கும் சமையலுக்கும் நடுவே கேட்காமலே வந்து நிற்கிறது.

நான் சொன்ன விளக்கங்களில் தம்பிக்குப் பாதி புரியவில்லை. அவனுக்குப் பிடித்தது ஒன்றுதான். எலும்பு முறியும் ஓசைக்கு மேல்நாட்டில் செலரி என்னும் கீரைத்தண்டை ஒடிப்பார்கள் என்றேன். உடனே அடுப்படிக்குப் போய் முருங்கைக்காயோடு வந்தான். அப்புறம் மாட்டுக்கொட்டகைக் கதவின் கிறீச்சு, பானைக்குள் வாயை வைத்து விடும் மூச்சு என்று ஒவ்வொன்றாகப் பதிவு செய்தோம். வேப்பமரம், கொல்லைப் பாதை, கழிப்பறைக் கதவு ஆகிய மூன்றையும் அந்தி நேரத்தில் கேமராவை அசைக்காமல் படம் பிடித்தோம். கதவை மட்டும் திறக்கக் கூடாது என்று அவனே சொன்னான். நாற்பது நொடி வந்தது.

அப்பத்தாவிடம் போட்டுக் காட்டினோம். முருங்கைக்காய் ஒடிந்த இடத்தில் அவர் வெற்றிலைப் பெட்டியைத் தவறவிட்டுவிட்டார்.

"ஏண்டா, இதுல பேயே வரலையே?" என்றார் பிறகு.

"அதான் அப்பத்தா" என்றான் தம்பி.

இப்போது அம்மா இரவில் எழுவதில்லை. அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு, முனகிக்கொண்டே போய்வருகிறான்.